பாஸ் மார்க் வாங்காத தோல்

டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்துக்குப் பின்னால் டிபன் கடை நடத்தும் லக்ஷ்மிநாராயணனுக்குச் சொத்து என்று சொன்னால் இரண்டு. ஒன்று தோசைக்கல், மற்றது சொரியாசிஸ். முதலாவதை அவர் திருநெல்வேலியிலிருந்து சுமந்து வந்தார். இரண்டாவது கொல்கத்தாவில் அவரை விலாசம் விசாரித்து வந்து சேர்ந்தது. வந்தது தோலோடு நிற்காமல் மூட்டுகளுக்கும் குடியேறி, விரல்களை நேந்திரம்பழமாக வீங்க வைத்து, அடுப்படியில் நின்றவரைக் கல்லாவில் உட்கார்த்திப் பதவி உயர்வும் கொடுத்தது.

இந்தப் பதவி உயர்வில் யாருக்கும் சந்தோஷமில்லை. புது மாஸ்டர் வார்ப்பது தோசை என்பதை மாஸ்டர் மட்டுமே நம்பினார். லக்ஷ்மிநாராயணன் மே மாதப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார். சில்லறை நீட்டும்போது சட்டைக்கை கொஞ்சம் மேலேறிவிட்டால், பக்கத்து சினிமா ஸ்டூடியோவில் நாள் முழுக்கப் பிணமாகப் படுத்து நடித்துவிட்டு வரும் துணை நடிகர்கூட "இஷ்!" என்று கையை இழுத்துக்கொள்வார். பிணமே முகம் சுளித்தால் மனிதர் என்ன செய்வார்?

இந்த நிலையில்தான் வித்யாலட்சுமி வந்தாள். அப்பா துறைமுகத்தில் அதிகாரி. இவளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்துக் கவனிக்கும் உத்தியோகம். பொங்கல் சாப்பிட வந்தவள் அவர் விரல்களைப் பார்த்தாள்.

"அங்கிள், எங்க ஹாஸ்பிட்டல்ல ஒரு ஸ்டடி நடக்குது. தோலுக்கும் மூட்டுக்கும் சேர்த்து புது ஊசி. ஃப்ரீ. ஆனா சில பேருக்கு வெறும் தண்ணி ஊசிதான் போடுவாங்க. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது."

"அதனால என்னம்மா? நம்ம சாம்பாரும் அப்படித்தான்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கரண்டி பிடிக்க முடியுமா?"

"நிறைய பேருக்கு விரல் நல்லா மடங்கி நீளுது. ப்ராமிஸ் எல்லாம் பண்ண மாட்டேன். இப்ப சாப்பிடற மாத்திரையை நிறுத்தணும். தோல்ல எந்த மருந்தும் போடக்கூடாது. சரியா?"

அதே மாதிரி ஊசியை வெளியில் வாங்க என்ன ஆகும் என்று அவர் முன்பே விசாரித்திருந்தார். மருந்துக் கடைக்காரர் சொன்னது ஊசியின் விலையா, கடையின் விலையா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு திரும்பியவர். ஆகவே உடனே தலையாட்டினார். மாத்திரை நின்றது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் காலையில் அவர் மனைவி மாதவி எண்ணெய்க் கிண்ணத்தோடு எதிரே நின்றாள்.

"பெரிய டாக்டர் முன்னால இந்தக் கோலத்திலயா போய் நிப்பீய? வீட்டுல பொஞ்சாதின்னு ஒருத்தி இருக்காளா இல்லையான்னு கேக்க மாட்டாவளா?"

"மருந்து போடக்கூடாதுன்னு அந்தப் பிள்ளை சொல்லியிருக்கு."

"தேங்காயெண்ண மருந்தா? அப்ப அவியல்ல நான் என்னத்த ஊத்துதேன், டானிக்கா?"

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு மருத்துவம் இன்னும் வளரவில்லை. உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் ஊறியது. வெந்நீரும் உடம்பு தேய்க்கும் பீர்க்கங்கூடும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. செதில் செதிலாக இருந்ததெல்லாம் சாக்கடை வழியே ஹூக்ளி ஆற்றைத் தேடிப் போயிற்று. கல்யாணத்தன்றுகூட லக்ஷ்மிநாராயணன் இவ்வளவு பளபளப்பாக இருந்ததில்லை.

நம் நாட்டில் நுழைவுத் தேர்வு இல்லாத இடமில்லை. நோய்க்கும் உண்டு. சிவப்புக்கு இத்தனை, தடிப்புக்கு இத்தனை, செதிலுக்கு இத்தனை, பரப்புக்கு இத்தனை என்று மார்க் போட்டுக் கூட்டுவார்கள். குறிப்பிட்ட மார்க்குக்குக் குறைந்த நோய்க்கு ஆராய்ச்சியில் இடம் கிடையாது. பெரிய டாக்டர் முதுகைத் திருப்பிப் பார்த்து, "பெஷ் பாலோ!" என்றார். 'நன்றாகத்தான் இருக்கிறதே' என்று அர்த்தம். லக்ஷ்மிநாராயணன் கூட வந்திருந்த மாதவியைப் பெருமையோடு பார்த்தார். மாதவி கதவைப் பார்த்து வெட்கப்பட்டாள்.

இரண்டே மார்க்கில் நோய் ஃபெயில்.

"என்ன பண்ணீங்க அங்கிள்?" வித்யாலட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது.

"குளிச்சேன்மா."

விதிப்படி இன்னும் ஒரே ஒரு தடவை வந்து பார்க்கலாம் என்றாள். அன்றிலிருந்து அவர் நோயை வளர்க்க ஆரம்பித்தார். எண்ணெய்ப் புட்டியை மாதவி பீரோவில் வைத்துப் பூட்டினாள். மாத்திரையும் இல்லை, எண்ணெயும் இல்லை. பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோர் போல இருவரும் தினமும் முழங்கையைப் பார்த்து முன்னேற்றத்தைப் பேசிக்கொண்டார்கள். முழங்கையிலிருந்து கழுத்துக்கு வந்தது, கழுத்திலிருந்து புருவத்துக்கு. வாடிக்கையாளர்கள் எதிர்வரிசை எக் ரோல் கடைக்குப் போனார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் உள்ளங்கைப் பக்கம் வளைந்தவை அப்படியே நின்றுவிட்டன.

"ரொம்ப வலிக்கா?" என்பாள் மாதவி.

"நல்லா வலிக்கி," என்பார், நம்பிக்கையோடு.

மறுபடி போன அன்று ஆபீஸ் நேர மெட்ரோவில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் கிடைத்தது. மந்திரிக்கும் கிடைக்காத மரியாதை. பெரிய டாக்டர் பார்த்தார், கூட்டினார், புருவத்தை உயர்த்தினார். மார்க் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது.

அப்போதுதான் வித்யாலட்சுமி கையில் போனோடு உள்ளே வந்தாள். அவள் முகம் சரியில்லை.

"அங்கிள்... இப்பதான் கம்பெனிலேர்ந்து மெயில் வந்துச்சு. உலகம் முழுக்க வேணுங்கற ஆள் சேர்ந்தாச்சாம். இனி யாரையும் எடுக்கக்கூடாதாம்."

"நான் பாஸ்தானம்மா?"

"பாஸ்தான் அங்கிள். சீட்தான் இல்ல."

புறப்பட எழுந்தவரைப் பெரிய டாக்டர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். "ஒரு நிமிஷம் இருங்க தாதா" என்று வங்க மொழியில் அண்ணன் முறை வைத்துக் கெஞ்சலாகச் சொல்லிவிட்டு மாணவர்களைக் கூப்பிட்டார். இவ்வளவு லட்சணமான நோயைப் புத்தகத்தில்கூடப் பார்க்க முடியாதாம். பிள்ளைகள் சுற்றி நின்று குறிப்பெடுத்தார்கள். முகம் விழாமல் படமும் எடுத்தார்கள். லக்ஷ்மிநாராயணன் சட்டையைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, கேட்ட பக்கமெல்லாம் திரும்பிக் காட்டினார்.

பழைய மாத்திரை திரும்ப ஆரம்பமாயிற்று. எண்ணெய்ப் புட்டி பீரோவிலிருந்து வெளியே வந்தது. விரல்கள் மட்டும் திரும்பவில்லை. கரண்டி பிடிக்கிற வாகில்தான் வளைந்திருக்கின்றன. கரண்டியை உள்ளே விடத்தான் வழியில்லை.

பிறகு ஒரு நாள் மாதவி சட்டைக்கைக்குப் பொத்தான் மாட்டிவிட, அவர் கல்லாவில் உட்கார்ந்தார். துணை நடிகர் வந்தார்.

"நாராண்தா, ஹாஸ்பிட்டல் போனீங்களாமே! என்ன சொன்னாங்க?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"கூப் பாலோ, ரொம்ப நல்லது!" என்ற நடிகர், சில்லறையை அவர் கையில் கொடுக்காமல் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். லக்ஷ்மிநாராயணன் இடது கையால் அதை மேஜை விளிம்புக்குத் தள்ளி, வளைந்த வலது கைக்குள் விழ வைத்துக்கொண்டார்.