இரும்புப் பெட்டகத்தில் ஒரு லைசன்ஸ்

எனக்கு ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல அரைமணி நேரம் உட்கார வராது. அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். பதுளையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருந்தேன். பல தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஒரு கம்பெனி, செக்ரோல் எழுத மென்பொருள் வாங்கிச் சில தோட்டங்களுக்கு மட்டும் ஒவ்வொன்று கொடுத்திருந்தது. யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்பதுதான் செக்ரோல். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி லைசன்ஸ். எது உழைக்கிறது, எது தூங்குகிறது என்று பார்த்துவா, தூங்குவதைப் பிடுங்கி இல்லாத தோட்டத்துக்குக் கொடுப்போம் என்று கம்பெனி எங்கள் கடையிடம் சொல்ல, என்னை அனுப்பினார்கள். நல்ல யோசனைதான். வாங்கிய சாமான் வேலை செய்யவேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் மறுபேச்சு இல்லை.

மென்பொருள் எத்தனை தடவை திறக்கப்பட்டது என்பதை அதுவே பதிந்து வைத்திருக்கும். அந்தப் பட்டியல் என் பையில் இருந்தது. நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தோட்டம். முந்தின மாதத்தில் பன்னிரண்டே தடவை, அதுவும் ஒவ்வொரு தடவையும் அரைமணிதான். மற்றத் தோட்டங்களில் காலை தொடங்கி மாலை வரை ஓடியது. பசறையைத் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏற, பனி ஜன்னல் வழியே உள்ளே வந்து மடியில் உட்கார, அந்தத் தோட்டத்தின் பெயருக்கு நேரே பென்சிலால் எழுதினேன்: தேவையில்லை. பஸ் குலுங்கியதில் எழுத்து கோணிப்போனது. மனசு கோணவில்லை.

தோட்டத்து ஒபீசில் ஒரு பெண் எழுந்து நின்றாள். லயத்துப் பிள்ளை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவள். உயர்தர வகுப்புவரை படித்துவிட்டு, கம்ப்யூட்டருக்கென்று வேலைக்கு வந்தவள். அவளுக்கு முன்னால் அந்த லயத்திலிருந்து யாரும் ஒபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. என் பையைப் பார்த்தாள், பிறகு என்னை.

"மெஷின எடுத்துட்டுப் போக வந்திருக்கீங்களா சேர்?"

"பாத்துட்டுப் போக வந்திருக்கேன்."

"எடுத்தா நான் மறுபடி மலைக்குத்தான் போகணும். கொழுந்துக் கூடை வீட்டுல அப்படியேதான் இருக்கு. 'கம்ப்யூட்டரம்மா எப்ப வர்றீங்க, கூடை காத்திருக்கு'ன்னு இப்பவே கேலி பண்றாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கை மட்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. லைசன்ஸ் போனால் அந்த வேலையும் போகும் என்பது எனக்குத் தெரியும். பென்சில் எழுதும்போது தெரிந்திருந்தும் தெரியாமல் இருந்தது.

திறந்து காட்டச் சொன்னேன்.

"தெறக்காதுங்க சேர். சாவி பெட்டகத்துல இருக்கு."

சாவி என்றது தீப்பெட்டியில் பாதி அளவு இருக்கும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கட்டையை. கம்ப்யூட்டரின் முதுகில் அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். லைசன்ஸ் இருப்பதற்கு அதுதான் அத்தாட்சி. செருகியபடியே விடவேண்டிய சாமான். அதை ஒபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, மனசு வந்த நாளில் பின்னேரம் அரைமணி மட்டும் வெளியே எடுப்பாராம்.

"அப்ப மத்த நேரம் என்ன செய்வீங்க?"

அவள் அப்பியாசக் கொப்பிகளைத் திறந்தாள். திரையில் வரும் கட்டங்கள் அதே வரிசையில், அதே அகலத்தில், அடிமட்டம் வைத்துக் கோடிழுத்துப் போடப்பட்டிருந்தன. இரண்டு மூன்று நாள் கொழுந்தை அதில் எழுதிவைத்து, அந்த அரைமணியில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவாள். ஒரு நாள்கூட விடுபடவில்லை. காலை முதல் மாலை வரை திறந்துகிடந்த தோட்டங்களில் நான் எத்தனை விடுபட்ட நாட்களைப் பார்த்திருந்தேன்!

எனக்கு மலையில் கொழுந்து எடுத்த என் அம்மா நினைவு வந்தது. கொழுந்து குறைந்த நாளில் அம்மாவுக்கு அரைப்பேர் விழும். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதி நாள்தான் வேலை என்று எழுதுவார்கள். கிடைத்தது வறண்ட மலை என்பது தராசுக்குத் தெரியாது. நானும் ஒரு தராசைப் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறியிருக்கிறேன்.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். நேர்மைக்குப் பேர்போனவர், பயத்துக்கும்தான். பெட்டகத்தைத் திறந்து, இருமல் மிட்டாய் டப்பா ஒன்றை எடுத்து, பஞ்சுக்குள்ளிருந்து சாவியைக் காட்டினார். ஓரத்தில் ஆயுத பூசைச் சந்தனம் காய்ந்திருந்தது.

"இதுக்குக் கையெழுத்து வைச்சவன் நான், தம்பி. துலைஞ்சா திருப்பித் தரமாட்டினமாம். ஆர் பதில் சொல்லுறது?"

"ஐயா இதத் தொலைக்கல. ஆனா இது உள்ள இருக்கிறதால அந்தப் பிள்ளையத் தொலைக்கப் போறாங்க."

"ஆர் சொன்னது?"

"நான்தான்." பட்டியலை நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டு, கோணல் எழுத்தை இரண்டுதரம் வாசித்தார். முகம் சிவந்தது.

"தேவையில்லையோ? உமக்கென்ன விசரே? உவ இல்லாட்டி மாசக் கடைசியில நான் தலையில கை வைச்சுக்கொண்டெல்லோ இருக்கவேணும்!"

"அப்ப சாவிய வெளிய விடுங்க ஐயா."

"விட்டால் ஆரும் கழட்டிக்கொண்டு போவினம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பொருளும் தொலையக்கூடாது, பிள்ளையும் தொலையக்கூடாது. ஒரு இடத்தில் நிற்காத கால் அப்போதுதான் உதவியது. ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, நடந்தேன். அங்கே மெஷின் திருத்தும் மிஸ்திரியான பாஸிடம் அளவு சொன்னேன். இரும்புக் கம்பியில் ஒரு சின்னக் கூடு, கம்ப்யூட்டரின் முதுகை அணைத்துப் பிடிக்க வேண்டும், ஒரு பூட்டும் வேண்டும்.

"இது கம்ப்யூட்டருக்கா, கோழிக்கா?" என்றார் பாஸ்.

"முட்டை போட்டா ஒங்களுக்கு ஒண்ணு அனுப்புறேன்."

மத்தியானத்துக்குள் கூடு வந்துவிட்டது. சாவியைச் செருகி, கூட்டை மாட்டி, பெரிய கிளாக்கர் தன் கையாலேயே பூட்டினார். மூன்றுதரம் இழுத்துப் பார்த்துவிட்டு, பூட்டின் சாவியை, அவர் பேச்சில் திறப்பை, சட்டைப்பையில் போட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து விட்டார் ஒரு மூச்சு. எத்தனை நாள் அடக்கி வைத்திருந்தாரோ. அந்தப் பெண் உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள். விரல்கள் தகரக் கூரையில் மழை பிடித்ததுபோல ஓடின. மணி பார்க்கவேண்டிய அவசியம் இல்லாமல் அவள் தட்டியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

நான் புறப்பட்டபோது ஜன்னலுக்குள்ளிருந்தே கேட்டாள்.

"மலைக்கா, மேசைக்கா சேர்?"

"மேசைக்குத்தான்."

தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள். கொழுந்து நிறை எழுதிய துண்டுகள் காத்திருந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தச் சொல்லை அழித்தேன். குலுக்கலில் காகிதம் கொஞ்சம் கிழிந்தது. கிழிசலுக்குப் பக்கத்தில், நடந்ததை ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பட்டியலை விரிக்குமுன் சாவி எங்கே என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்துக் கடைக்கு ஒரு டெலிபோன் கோல் வந்தது. பெரிய கிளாக்கர்.

"தம்பி, காயிதம் வந்திட்டுது. லைசன்சும் இருக்கட்டாம், பிள்ளையும் இருக்கட்டாம்."

எழுந்து கடை வாசல்வரை போய்வரப் பார்த்தேன், டெலிபோன் வயர் இழுத்துப் பிடித்தது.

"டப்பா இப்ப சும்மாதானே ஐயா கிடக்கும்?"

"சும்மாவோ?" என்றார். "பூட்டின்ரை திறப்பு அதுக்கைதான் கிடக்குது."