மசாலாக்காவின் கை

வளையல்களைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு கோழித் தொடையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் மசாலாக்கா. "என்னடி இப்படி விறைச்சுக்கிட்டு நிக்குற? இரு, உன்னை வழிக்குக் கொண்டுவரேன்" என்று அதனிடமே சொல்கிறாள். தொடைக்கு ஆழக் கீறல், நெஞ்சுக்குப் பட்டும் படாமலும் ஒரு கோடு. முதலில் உப்பும் எலுமிச்சைச் சாறும் மட்டும். கோழி விடும் தண்ணீரை வடித்த பிறகுதான் தயிர், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள். எல்லாவற்றையும் ஒரே கொட்டாகக் கொட்டிப் பிசைகிறவர்களை அவள் மனிதர்களில் சேர்ப்பதே இல்லை.

கணவர் கறிக்கடைக்காரர். முன்னால் அவர் வெட்டுவார். பின்னறையில் இவள் ஊறவைப்பாள். மசாலா தடவிய கறி கண்ணாடிப் பெட்டியில் தட்டுத் தட்டாக உட்கார்ந்திருக்கும். வேலைக்குப் போகிற பெண்கள் வந்து வாங்கிப்போய் அப்படியே அடுப்பில் போடுவார்கள். உள்ளங்கையில் ஏறிய மிளகாய்ச் சிவப்பு எந்தச் சோப்புக்கும் மசியாது. தோல் வியாதி என்று நினைத்து மருந்துக்கடைக்காரர் ஒருநாள் களிம்பு எடுத்துக் கொடுத்தார். "இது வியாதி இல்ல தம்பி, என் மவுசு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த மவுசுக்குத்தான் போன வருஷம் கண் பட்டது. கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்தாள். முன்பு ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவள். மாவு பிசைந்து பழகிய கை. "சும்மா இருக்க முடியலக்கா, நானும் ஒரு தட்டு போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். போடட்டுமே, கெட்டுப்போனால் தானே அடங்குவாள் என்று மசாலாக்கா விட்டாள். அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது. வாடிக்கைக்காரர்கள் கண்ணாடியில் விரல் வைத்து, "அந்தத் தட்டுல குடுங்க, சின்னவங்க போட்டது" என்று கேட்கத் தொடங்கினார்கள். கறிக்கடைக்காரரும் சின்னவள் தட்டை முன்னுக்கு நகர்த்தி, பெண்டாட்டி தட்டைப் பின்னுக்குத் தள்ளினார். எது ஓடுகிறதோ அது முன்னால் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த நியாயம்.

யாரும் இல்லாத நேரம் பார்த்து மசாலாக்கா அந்தத் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பொரித்துத் தின்றாள். "உப்புத் தூக்கல்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சந்தேகம் தீர இன்னொரு துண்டு தின்றாள்.

சின்னவள் சண்டைக்கு வருகிறவளாக இருந்தாலாவது மனசு ஆறும். அவளோ, "எல்லாம் அக்காகிட்ட பாத்துக் கத்துக்கிட்டதுதான்" என்று கூட்டத்துக்கு நடுவில் சொல்வாள். "பாத்தியா நடிப்ப? என்னைப் புகழ்ற மாதிரி தனக்குப் பேர் வாங்குறா" என்று மசாலாக்கா கத்தியைத் தீட்டுகிற கணவரிடம் பல்லைக் கடிப்பாள். "உனக்கு வயித்துல மிளகாப்பொடி" என்பார் அவர்.

போன வாரம் தையல்கடைக்காரர் வீட்டில் விருந்து. முற்றிய ஆட்டுக்கறி, சுட்டுத் தின்ன மெத்தென்று இருக்கவேண்டும், சின்னவள்தான் ஊறவைக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலையில் சின்னவள் பப்பாளிக்காயை அரைத்துக் கறியில் தடவினாள். அதற்குள் போன் வந்தது, அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று. கொழுந்தனோடு வண்டியேறி ஓடிவிட்டாள்.

பப்பாளிக்காய் லேசுப்பட்டதில்லை. கொஞ்ச நேரம் இருந்தால் முற்றிய கறியும் பஞ்சாகும், விட்டுவிட்டால் கூழாகிவிடும். சின்னவளின் பாத்திரம் மேடையில் கிடந்தது. மசாலாக்கா அதைப் பார்த்தாள். பார்க்காதது போல நகர்ந்து தன் கோழியைப் பிசைந்தாள். அவள் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும். சாயங்காலம் தையல்கடைக்காரரே வந்து கத்துவார், மறுநாள் எந்தத் தட்டு முன்னால் இருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

கொஞ்ச நேரம் கழித்துப் போய் ஒரு துண்டை அமுக்கினாள். விரல் லேசாக உள்ளே போனது.

"பாவி, நல்ல கறிடி இது!" என்று கத்தினாள். இல்லாத சின்னவளையா, தன்னையா, யாரைத் திட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பாத்திரத்தைத் தொட்டியில் கவிழ்த்து, ஐஸ் தண்ணீரில் அலசி அலசி வழுவழுப்பைப் போக்கினாள். வெள்ளைத் துணியில் ஒற்றினாள். தயிரும் எலுமிச்சையும் பக்கத்தில் வரக்கூடாது, இன்னும் இளகிவிடும், இஞ்சியும் அப்படித்தான். பூண்டு, இடித்த மிளகு, மிளகாய், எண்ணெய் மட்டும் போட்டுப் புரட்டி, இறுகட்டும் என்று ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். வேலை முடிகிறவரை சின்னவளைத் திட்டிக்கொண்டே செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தையல்கடை ஆள் வந்து கறியை எடுத்துப் போனபோதும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தையல்கடைக்காரர் சுட்ட கறி கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்தார். "சின்னவங்களுக்குக் குடுங்க. அவங்க கையைக் கண்ணுல ஒத்திக்கணும். இப்படி ஒரு கறிய நாங்க தின்னதே இல்ல!"

சின்னவள் இன்னும் அம்மா வீட்டில்தான் இருந்தாள். கறிக்கடைக்காரர் டப்பாவைத் திறந்து, தட்டில் கொட்டி, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். கண் சொருகியது.

"என்ன சொல்லு, சின்னவ கை சின்னவ கைதான். உனக்கு இந்தப் பதம் வராது."

அடுத்த துண்டுக்கு அவர் கை நீள்வதற்குள் மசாலாக்கா அவர் முன்னாலிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்து, மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக நிதானமாக மென்று தின்னத் தொடங்கினாள்.