பேச முடிகிற வேகம்

மே மாதத்தில் ஒரு காலை. டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தபோது இன்டர்காம் அடித்தது. கீழே கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி.

"மேடம்ஜி, சாப் அகேலே பாத் கர் ரஹே ஹைங். தபியத் டீக் ஹை நா?"

சார் தனியாகப் பேசிக்கொண்டு போகிறாரே, உடம்பு சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்கிறார், பாவம். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். என் கணவர் எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டியைச் சுற்றி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தார். வாய் ஓயாமல் அசைந்தது. எங்கள் பக்கம் திரும்பியபோதுதான் காதில் விழுந்தது — பதினாறாம் வாய்ப்பாடு!

வீட்டில் 'ம்', 'ம்ஹூம்' இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தையே தள்ளிவிடக்கூடிய மனிதர். அவர் வாய் திறந்து பேசுகிறார், அதுவும் தானாக... செக்யூரிட்டியைவிட நான்தான் அதிகம் பயந்தேன்.

விஷயம் இதுதான். இவர் ஏப்ரலில் இமாச்சல் பக்கம் போய் ஓர் அல்ட்ரா ஓடிவிட்டு வந்தார். மாரத்தான் போதாது என்று நினைப்பவர்களுக்காக அதைவிட நீளமாக ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் அல்ட்ரா. ஐம்பது தாண்டிய ஆளுக்கு இது தேவையா என்று கேட்டேன். "ம்ஹூம்" என்றார். தேவையில்லை என்று அர்த்தமா, கேட்காதே என்று அர்த்தமா? இன்று வரை தெரியாது.

திரும்பி வந்தவரைப் பார்க்க வேண்டுமே! கால் கட்டைவிரல் நகங்கள் கருத்துப்போய், ஒன்று சாக்ஸோடு கழன்று வந்தது. மெட்ரோ ஸ்டேஷனில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிகளில் பின்பக்கமாக இறங்கினார். ஏறுவதில் பிரச்னை இல்லையாம். இறங்கும்போதுதான் தொடை உயிரை எடுக்குமாம். டெல்லியில் நாங்கள் இருக்கும் துவாரகாவே நின்று வேடிக்கை பார்த்தது.

அப்புறம் ஆரம்பித்தது 'ரெக்கவரி'. கொஞ்ச நாள் வெறும் நடை. பிறகு மெல்லோட்டம். அதுவும் டெல்லி வெயிலில்! காலையில் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் வருகிறது. இந்தச் சூட்டில் கொஞ்சம் ஓடினாலே இதயம் எகிறும், அதனால் கையில் கட்டியிருக்கும் வாட்ச் காட்டுகிற எண்ணைப் பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டார் கோச். அவர் ஒரு பஞ்சாபிக்காரர், போனிலேயே பாடம் எடுப்பவர். "அங்கிள், பாத் கர்தே ரஹோ" — பேசிக்கொண்டே ஓடுங்கள் — என்பது அவர் கட்டளை. முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

பேச்சே மருந்து! யாருக்கு? என் கணவருக்கு! இதற்கு அந்த மலையை இன்னொரு தடவை ஏறச் சொல்லியிருக்கலாம்.

பேச ஆளும் இல்லை, விஷயமும் இல்லை. அதனால்தான் வாய்ப்பாடு.

அன்று காபி குடிக்கும்போது டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நாளைக்கு நீயும் வாயேன்."

"நான் எதுக்குங்க? எனக்கு எங்க ஓட வருது?"

"நீ வேகமா நட. அந்த வேகத்துலதான் நான் ஓடணும். பதினாறு முடிஞ்சிருச்சு. பதினேழு மறந்துபோச்சு."

இப்படியும் ஓர் அழைப்பு! ஆனாலும் போனேன்.

முதல் சில நாட்கள் ஆகாசவாணி செய்தி மாதிரிதான் இருந்தது. "நேத்து தண்ணி டேங்கர் லேட்டு." ஆமாம் என்பேன். "இன்னைக்கும் லேட்டாத்தான் வரும்." வரும் என்பேன். மேல் வீட்டு ஏசி நம் பால்கனியில் சொட்டுவது பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசினார். முழு வாக்கியங்கள்தான். கோச் குறை சொல்ல முடியாது.

ஒரு நாள் சரக்கொன்றைகள் மஞ்சளாகக் கொட்டிக்கிடந்த ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். துவாரகாவில் விமானங்கள் தலையில் இடிக்காத குறையாகத்தான் போகும். ஒன்று அப்படித் தாழப் பறந்தது. என்னையும் அறியாமல் வாயில் வந்தது — "மெட்ராஸ் ஃபிளைட்டா?"

இவர் சிரித்தார். சத்தமாக. எத்தனை காலம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

கல்யாணமான புதிதில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு பர்சாத்தியில் குடியிருந்தோம். மொட்டைமாடியில் ஒற்றை அறை, அதற்குத்தான் இங்கே பர்சாத்தி என்று பெயர். ஜூன் மாதத்தில் அந்த அறை இட்லிப் பானை. ஃபேன் போட்டால் சூட்டைக் கிண்டிக் கிண்டிக் கொடுக்கும். சாயங்காலம் ஆனால் இருவரும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வெளியே கிளம்பிவிடுவோம். மார்க்கெட்டில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, காபிப் பொடி. வாங்க ஒன்றும் இல்லாத நாளிலும் போவோம். அறை ஆறுகிற வரை நடக்க வேண்டுமே! அப்போதெல்லாம் இவர் பேசுவார். சத்தியமாகப் பேசுவார். ஆபீஸ் கதை, பக்கத்து மாடி சர்தார்ஜி கதை, என்றாவது வாங்கப்போகிற ஸ்கூட்டரின் நிறம்... வாய் மூடாது.

எனக்கு அப்போது ஹிந்தி வராது. காய்கறிக்காரர் என்ன சொன்னாலும் 'அச்சா' என்று தலையாட்டிவிட்டு, திரும்பும் வழியில் அம்மா ஞாபகம் வந்து அழுவேன். இவர் உடனே வானத்தைக் காட்டுவார். "அந்தா பாரு, மெட்ராஸ் ஃபிளைட். கொஞ்ச நேரத்துல உங்கம்மா வீட்டு மேல போகும்." புள்ளியாகி மறையும் வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அழுகை எங்கே போயிற்று என்றே தெரியாது.

பிறகு ஒரு கூலர் வாங்கினோம். நடை நின்றது. ஏசி வந்தது. பேச்சு குறைந்தது. ரூமுக்கு ஒன்றாக இரண்டு ஏசி வந்தபோது 'ம்' மட்டும்தான் மிச்சம். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. வசதி வந்தது, அவ்வளவுதான்.

"ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"மெட்ராஸ் ஃபிளைட்டாவது ஒண்ணாவது! அது எங்க போச்சோ, யாரு கண்டா?"

"என்னங்க இது! நீங்கதானே தினமும் சொல்வீங்க?"

"எனக்கு அப்ப ஃபிளைட்டப் பத்தி என்னா தெரியும்? ஏர்போர்ட் வேலையே அப்புறந்தான கெடச்சுச்சு. நீ நடுரோட்டுல அழுதுகிட்டு நின்ன. மேல ஒண்ணு போச்சு. சொல்லிட்டேன். ஒண்ணு லக்னோ போயிருக்கும், ஒண்ணு லண்டன் போயிருக்கும்."

இத்தனையையும் மூச்சு வாங்காமல் சொன்னார். கோச் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எத்தனை சாயங்காலங்கள், எத்தனை விமானங்கள்... ஒவ்வொன்றையும் எனக்காக மெட்ராசுக்குத் திருப்பி விட்டிருக்கிறார் மனிதர்! ஓடுகிற அவர் பேசிக்கொண்டே வந்தார். நடக்கிற என்னால் பேச முடியவில்லை.

அதற்கப்புறம் டேங்கர் செய்திகள் நின்றுபோயின. சர்தார்ஜி திரும்பி வந்தார். வாங்கவே வாங்காத அந்த ஸ்கூட்டர் திரும்பி வந்தது. வெயில் ஏறி, வியர்வை கண்ணில் இறங்கினாலும் இன்னொரு ரவுண்டு போகலாமா என்று நானே கேட்க ஆரம்பித்தேன்.

கூடவே ஒரு பயமும் வந்தது. ரெக்கவரி என்றால் ஒரு நாள் முடியத்தானே வேண்டும்? கால் சரியாகிவிட்டால் பழையபடி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பறந்துவிடுவார். கணவர் உடம்பு சீக்கிரம் தேற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற மனைவிகளுக்கு நடுவில், கொஞ்சம் மெதுவாகவே தேறட்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன வியாழக்கிழமை கரண்ட் இல்லை. லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். இவர் எனக்கு முன்னால்... இரண்டிரண்டு படியாக, முன்பக்கமாக, தடதடவென்று இறங்கிப் போய்விட்டார். நான் கீழே வந்தபோது செக்யூரிட்டிக்கு சலாம் வைத்துக்கொண்டு நிற்கிறார். மூச்சுகூட வாங்கவில்லை. அவ்வளவுதான், முடிந்தது.

சொல்லி வைத்தாற்போல் கோச்சின் போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள், சீடியோங் மே தர்த் ஹை க்யா? நஹீங் தோ, மண்டே சே ஸ்பீட் படாயேங்கே!" படி இறங்கும்போது வலி இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து வேகத்தைக் கூட்டிவிடலாமாம். ஓடுபவர்கள் பேசவே முடியாத வேகம் அது.

இவர் என்னைப் பார்த்தார். படியைப் பார்த்தார்.

"தர்த் ஹை, கோச். பஹுத் தர்த் ஹை." வலிக்கிறதாம், ரொம்ப வலிக்கிறதாம்! இன்னும் கொஞ்ச நாள் ஆன்ட்டியோடு இப்படியே மெதுவாக ஓடிக்கொள்கிறேன் என்று ஹிந்தியிலேயே சொல்லிவிட்டு போனை வைத்தார்.

"நெஜமாவே வலிக்குதாங்க?" என்று கேட்டேன்.

"ம்" என்றார்.

மெட்ராஸ் ஃபிளைட்டையே நம்பினவள் நான்... இதை நம்ப மாட்டேனா?