கம்ப்யூட்டர் விழுங்கிய காற்றும் காணாமற்போன தண்ணீரும்

தண்ணீருக்குள் காற்று புகுந்தால் மீனுக்குக் கொண்டாட்டம், கம்ப்யூட்டருக்குத் திண்டாட்டம், எனக்குச் சம்பளம். மெஷின் மேய்த்துப் பிழைக்கும் சகோதரர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

வயிற்றுக் கோளாறு

எண்பதுகளின் நடுவில், பினாங்கு துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை மாமாவின் கடையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்தவன். இங்கே ஓர் அறை நிறையக் கம்ப்யூட்டர். அதன் சூட்டைத் தணிக்கக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு தொட்டியிலிருந்து குழாய்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் காற்றுக்குமிழி மாட்டினால் மணி அடிக்கும், கொஞ்ச நேரத்தில் மெஷின் தானாகவே நின்றுவிடும்.

முதல் நாளே கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. குழாயின் உச்சியில் இருந்த திருகைத் தளர்த்தினேன். காற்று புஸ்ஸென்று வந்தது, கூடவே தண்ணீரும் என் மூஞ்சியில் வந்தது. தலைமைக் குமாஸ்தா சிவபாதம் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, உதுக்கு வாய்வுக் கோளாறு போல. கொஞ்சம் ஓமத்தண்ணி குடுத்துப் பாருமன்."

ஒழுகாத தொட்டி

அந்த மாதமே மறுபடி நின்றது. இறக்க வேண்டிய சரக்குப் பட்டியல் வராமல் ஒரு கப்பல் அரை நாள் சும்மா கிடந்தது. மேனேஜர் டேவிட் என்னை நிற்க வைத்தே பேசினார். இன்னொரு தடவை நின்றால் நான் மாமா கடைக்கே திரும்பலாம் என்றார். காரணம் என் கண்ணுக்குத் தெரிந்தது: தொட்டியில் தண்ணீர் குறைகிறது, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. எப்படிக் குறைகிறது என்பதுதான் தெரியவில்லை.

தரைப்பலகைகளைத் தூக்கி, டார்ச் அடித்து, வயிறு தேயத் தவழ்ந்து தேடினேன். ஒரு சொட்டு ஈரம் கிடையாது. துப்புரவு வேலை பார்க்கும் மேரி அக்கா என் காலருகே மொப்போடு வந்து நின்றார். "அஞ்சு வருசமா நான்தான் இங்க துடைக்கிறேன். ஒழுகினா எனக்குத்தான்லா முதல்ல தெரியும். எழுந்திரு தம்பி, நீ படுத்த இடம்தான் அழுக்கு."

கோயில் கமிட்டித் தண்ணீர்

ஒரு மத்தியானம் நான் சாப்பிடும் நாசி கண்டார் சோற்றுக்கடை பூட்டியிருந்ததால் பசியோடு சீக்கிரமே திரும்பினேன். தொட்டிக்குப் பின்னால் இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டை தெரிந்தது. மூடி திறந்திருந்தது. ரப்பர் குழாயின் ஒரு முனை தொட்டியில், மறுமுனை பாட்டிலில். பாட்டிலைப் பிடித்திருந்தவர் சிவபாதம் ஐயா! கார் பேட்டரிக்காம்.

"ஒரு பேட்டரிக்கு இவ்வளவு தண்ணியா ஐயா?" என்றேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "எனக்கு மட்டுமே? கோயில் கமிட்டியில ஒன்பது கார் நிக்குது. பச்சைத் தண்ணி விட்டா பற்றரி என்னத்துக்கு ஆகும்?"

பின்பெட்டியில் வந்த உயிர்

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சொன்னால், ஓய்வு பெற இரண்டே மாதம் இருக்கும் மனிதரின் வேலை போகும். சொல்லாவிட்டால் என் வேலை போகும். நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்தது. ஸ்டோரில் ஒரு டின் தண்ணீர்கூட இல்லை. துறைமுகத்தில் கப்பல் வந்து பட்டியலுக்குக் காத்திருந்தது. மேனேஜர் ஓடி வந்தார்.

சிவபாதம் ஐயா அவரைவிட வேகமாக வெளியே ஓடினார். திரும்பும்போது இரண்டு கக்கத்திலும் பாட்டில்கள். அன்று மாலை கமிட்டிக் கூட்டமாம், ஒன்பது காருக்குமான பங்கு முழுவதும் அவர் காரின் பின்பெட்டியில் இருந்திருக்கிறது. அவர் ஊற்ற ஊற்ற, நான் திருகைத் தளர்த்திக் காற்றை விரட்டினேன். மணி நின்றது, மெஷின் நிற்கவில்லை. விவரம் தெரியாத மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். நான் தொட்டியின் மூடியை இறுக்கி மூடினேன். ஐயா ரப்பர் குழாயைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தீரோ தம்பி, நான் எடுத்து வைக்காட்டி இண்டைக்கு உம்மட வேலை என்ன ஆகியிருக்கும்?"

பிறகு எட்டு வருஷம் அதே தொழிலில் இருந்தேன், எந்த அலுவலகத்தில் குமிழி வந்தது என்று கூப்பிட்டாலும் குழாயைத் தொடுவதற்கு முன் கார் நிறுத்துமிடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன்.