செஞ்சிக் கமிட்டியில் ஒரு ‘வேணாம்’

பாண்டிச்சேரிக் கூட்டத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது. செஞ்சிக் கமிட்டியில் இறங்கி நிற்கிறேன். விளைச்சலை ஏலத்தில் விற்கும் அரசுக் கூடத்துக்கு இங்கே அதுதான் பெயர். கொட்டகை நிறைந்துவிட்டதால் பதினோரு மூட்டை வேர்க்கடலை, இந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, வாசலில் வெட்டவெளியில் கிடக்கிறது. அதற்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் சிங்கவரத்து அம்மாள், ஏலத்தில் வந்த விலையைக் கேட்டுவிட்டு எழுத்தரிடம் “வேணாம்” என்கிறார். மறுக்க அவருக்கு உரிமை உண்டு. சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

“நீங்க எங்க சார் போறீங்க?”

“பாண்டிச்சேரிக்கும்மா. பக்கத்து நாடுங்க சில பேரு ஒண்ணா சேர்ந்து வரியில்லாம வியாபாரம் பண்றாங்க. அதுல நாமளும் சேரலாமான்னு பேசப் போறோம்.”

“சேந்தா இன்னா ஆவும்?”

“உங்க கடலை அங்க போகும். அவங்க பாமாயில் இன்னும் மலிவா இங்க வரும்.”

“அப்ப மில்லுக்காரன் எங்கிட்ட ஏன் வாங்கப் போறான்? சேரலன்னா?”

“நல்ல பேரம் படியற வரைக்கும் காத்திருக்கலாம்.”

அவர் அண்ணாந்து பார்க்கிறார். கோட்டை இருக்கும் ராஜகிரி மலைக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. கொட்டகைக்குள் இடம் பிடித்தவர்கள் நிதானமாக டீ குடிக்கிறார்கள். முதல் தூறல் சாக்கின்மேல் விழுகிறது.

“மல்லாட்ட நனஞ்சா பூஞ்ச புடிச்சிடும் சார்” என்று எழுந்தவர், எழுத்தரைக் கூப்பிடுகிறார். “அந்த வெலைக்கே போட்டுக்கோப்பா.”

கூட்டத்தில் படிக்க நான் எழுதி வைத்திருக்கும் கட்டுரையில் காத்திருப்பதைப் பற்றி நான்கு பக்கம் இருக்கிறது. கூரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.