வராமல் போன மூன்று நாட்கள்

அலுவலகத்தின் கைரேகைக் கருவிதான் அதை முதலில் கண்டுபிடித்தது. தேனாம்பேட்டையில் எங்கள் அலுவலக வாசலில் விரலை வைத்தால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். ஆவணி மாதத்தில் ஒரு காலை அது திறக்கவில்லை. விரலைத் துடைத்துவிட்டு வைத்தேன். துப்பட்டாவில் தேய்த்துவிட்டு வைத்தேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை என்று எதைக் கொடுத்தாலும் சிவப்பு விளக்குதான்.

"இன்னா மேடம், மிசினு கண்ணுக்கு நீங்க கீறதே தெரில போல" என்று காவலாளி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். நானும் சிரித்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. என் விரல்கள் மட்டும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்டைக்காய் மாதிரி சில்லென்று இருந்தன.

எடை தூக்கத் தொடங்கியிருக்கும் பெண்களுக்காகவும், தொடங்கலாமா என்று யோசிக்கும் பெண்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தூக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எடை என்னை ஒன்றும் செய்யவில்லை. எனக்கு நடந்தது வேறு.

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. மயிலாப்பூர் ஃபிளாட்டில் மாமியார், கணவர் ஸ்ரீதர், நான் என்று மூன்று பேர். மாமியாருக்கு எழுபதுகூட ஆகவில்லை. அதற்குள் முதுகு வளைந்து, தரையில் எதையோ தொலைத்தவர் மாதிரிதான் நடப்பார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எலும்பு உறுதியாக இருக்க வேண்டுமானால் பெண்கள் எடை தூக்க வேண்டும் என்று எங்கோ படித்தேன். அந்த ஆவணிக்குச் சில மாதங்கள் முன்பு, லஸ் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்த ஜிம்மில் போய்ச் சேர்ந்தேன்.

பயிற்சியாளர் ஸ்டெல்லா பெசன்ட் நகர்ப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள், போட்டிகளில் தூக்கியவள். முதல் நாளே எடை மாட்டாத வெறும் கம்பியை என் கையில் கொடுத்து, "அக்கா, இத்தத் தூக்கறது பெரிய விஷயம் இல்ல. தூக்கினு ஊட்டுக்குப் போய் நல்லா துண்ணு. அங்கதான் கீது மேட்டரு" என்றாள். நான் பலமாகத் தலையாட்டினேன். நன்றாகச் சாப்பிடுகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏகாதசிக்குப் பட்டினி. சஷ்டிக்கு ஒரு வேளை. பிரதோஷத்தன்று மாலை வரை ஒன்றும் கிடையாது. சனிக்கிழமை இரவு பலகாரம். அதாவது சாதம் இல்லை, இரண்டு இட்லியோ ஒரு கரண்டி உப்புமாவோ. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாரோடு சேர்ந்து இதையெல்லாம் செய்துவந்தேன். பல் தேய்ப்பதை யாராவது கஷ்டம் என்பார்களா? அப்படித்தான் இதுவும். ஜிம்முக்குப் போகிறோமே, இதில் எதையாவது மாற்ற வேண்டாமா என்று என் மரமண்டைக்கு எட்டவே இல்லை. ஏகாதசி காலையில் வெறும் வயிற்றோடு போய்த் தூக்கிவிட்டு வந்திருக்கிறேன். கால் தரையில் பாவாதது போல் இருக்கும். அதைப் பக்தி என்று நினைத்தேன்.

உடம்பு இளைத்தது. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். தி. நகரில் வருடக்கணக்காக எனக்கு ரவிக்கை தைப்பவர் அளவெடுத்துவிட்டு, டேப்பை மறுபடியும் சுற்றிப் பார்த்தார். "இது யாருக்கும்மா? உங்களுக்குன்னா அளவு எனக்கே தெரியுமே" என்றார். அவர் டேப் என் மேலேதான் இருந்தது. வழியில் அதை மறந்துவிட்டேன்.

புரட்டாசியில் மாதவிடாய் வரவில்லை. குழந்தையோ என்று கடையில் பட்டை வாங்கிச் சோதித்தேன். இல்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

எங்கள் வீட்டில் அந்த மூன்று நாள் வழக்கம் இன்னும் உண்டு. ஃபிளாட்டில் தனி அறைக்கு எங்கே போவது? சமையலறைக்கும் பூஜையறைக்கும் போகக் கூடாது, தனித் தட்டு, தனிப் பாய், அவ்வளவுதான். அந்த நாட்கள் சத்தமில்லாமல் காணாமல் போனதும் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. நவராத்திரி ஒன்பது நாளும் தடங்கலே இல்லாமல் கொலு நடந்தது. "அம்பாளே பாத்து நிறுத்தி வச்சிருக்கா. கொடுத்து வச்சவ" என்று மாமியார் மாடி வீட்டு மாமியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதன்பின் அந்தக் கட்டடத்தில் யார் வீட்டுச் சுமங்கலிப் பிரார்த்தனை என்றாலும் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கடைசி நிமிஷத்தில் வர முடியாது என்று சொல்ல மாட்டேன் அல்லவா? எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு நோய் இத்தனை மங்களகரமாக வந்து உட்காரும் என்று யார் கண்டார்கள்?

மாதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முன்பெல்லாம் நடுவில் ஒரு வலி வந்து ஒரு மாதத்தை இன்னொரு மாதத்திலிருந்து பிரித்துவைக்கும். இப்போது எல்லா நாளும் ஒரே நாளாக நீண்டது. கைகளில் மெல்லிய பூனைமுடி முளைத்தது, பிறந்த குழந்தையின் முதுகில் இருக்குமே, அதுபோல. தலைமுடி கொத்துக்கொத்தாகச் சீப்போடு வந்தது.

அந்த நாட்களில்தான் சமையலறையில் வெல்லம் குறையத் தொடங்கியது. "ஆத்துல யாரோ வெல்லத்தை எடுத்துண்டே இருக்கா. எலியா இருந்தா டப்பாவை மூடுமோ?" என்று மாமியார் முணுமுணுத்தார். ஸ்ரீதரைக் கேட்டோம். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அலமாரியை ஒழித்துத் துடைத்து வைத்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அடுத்து நினைவிருப்பது, சமையலறையில் அந்த அலமாரி முன்னால் நிற்கிறேன், வாயெல்லாம் இனிப்பு. எப்போது எழுந்தேன், எப்படி நடந்தேன், எதுவும் தெரியவில்லை. டப்பாவை என் கையே அழுத்தி மூடிக்கொண்டிருந்தது. எனக்குள் பசித்த ஒருத்தி இருக்கிறாள், நான் அசந்த நேரம் பார்த்து எழுந்து போய்ச் சாப்பிடுகிறாள் என்று தோன்றியது. நான் நிஜமாகவே பயந்துபோனேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழியில் மாடவீதியைச் செருப்பில்லாமல் சுற்றி வரும்போது இடது பாதத்தில் வலித்தது. கல் ஏதோ குத்திவிட்டது என்று விட்டுவிட்டேன். வலி போகவில்லை. ஜிம்மில் நான் நொண்டுவதை ஸ்டெல்லா பார்த்துவிட்டாள்.

"நில்லுக்கா. கைய குடு." பிடித்தவள் உடனே விட்டுவிட்டாள். "இன்னா இது, ஐஸு மாரி கீது? உனக்கு மாசா மாசம் வருதா?"

"புரட்டாசியிலேர்ந்து வரல."

"எத்தினி மாசம் ஆச்சு, வாயே தொறக்கல நீ!" என்றவள் என் முன்னால் இருந்த கம்பியைத் தூக்கிப் போய்ச் சுவரோரம் வைத்தாள். "அது வர்ற வரிக்கும் இத்த நீ தொடக் கூடாது. டாக்டராண்ட போ."

வந்தால் தொடக் கூடாது என்று எத்தனையோ பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். வராததால் தொடக் கூடாது என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.

ஸ்ரீதரும் நானும் அடையாறில் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். ஈ.சி.ஜி. எடுத்த பெண் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒயர்களைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "முழிச்சுக்கிட்டுதானே இருக்கீங்க மேடம்?" என்று கேட்டாள். இதயம் அவ்வளவு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. தைராய்டு, ஹார்மோன், வயிற்று ஸ்கேன் எல்லாம் பார்த்து, வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்தார்கள். பாதத்தில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (எலும்பில் மயிரிழை அளவு விரிசல்). டெக்சா (எலும்பின் அடர்த்தியை அளக்கும் படம்) என் வயதுக்கு மிகவும் குறைவாகக் காட்டியது. எந்த எலும்புக்காக எடை தூக்கப் போனேனோ, அதே எலும்பு.

"எடை தூக்குனது தப்பா டாக்டர்?"

"இல்லம்மா. அது நல்லது. ஆனா தூக்குறதுக்கும் நடக்குறதுக்கும் செலவானது போக, உசுரு வாழறதுக்குன்னு நீங்க எதுவும் மிச்சம் வைக்கல. அதனால உடம்பு உள்ள ஒவ்வொரு ரூமா லைட்ட அணைச்சுட்டு வருது. மொதல்ல கர்ப்பப்பை. அப்புறம் கை கால் சூடு. இப்ப எலும்பு."

"திரும்ப வருமா?"

"ஒழுங்கா சாப்பிட்டா பெரும்பாலும் வரும். எப்பன்னு என்னால சொல்ல முடியாது. வராமயே இருந்தா எலும்பு தேஞ்சுகிட்டே போகும்."

திரும்பும் வழியில் ஸ்ரீதர் காரைத் தெருவோரம் நிறுத்தி வேர்க்கடலை வாங்கி என் மடியில் வைத்தார்.

வீட்டில் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மருத்துவர் சொன்னதை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே தண்டைக் கிள்ளினார். அடுத்த கட்டை எடுத்துக்கொண்டே, "எனக்கும் நின்னுடுத்து" என்றார்.

"எப்பம்மா?"

"ஸ்ரீதர் ஸ்கூல்ல சேர்ந்த வருஷம். முப்பத்தி நாலோ என்னவோ எனக்கு. எல்லாரும் கொடுத்து வச்சவள்னு சொன்னா. எங்க மாமியார் புடவை வாங்கிக் கொடுத்தா."

"டாக்டர்ட்ட போகலையா? திரும்பி வரவே இல்லையா?"

"வரணும்னு யாருடி நெனச்சா?"

குனிந்த முதுகு இன்னும் குனிந்து, கீழே விழுந்த ஓர் இலையைப் பொறுக்கினார். முப்பது வருஷம் கழித்து நான் உட்காரப் போகும் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. யாராவது இவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

அவரையும் அதே மருத்துவரிடம் கூட்டிப்போனோம். முதுகெலும்பில் இரண்டு இடங்களில் எலும்பு நசுங்கியிருந்தது. எப்போது நசுங்கியது என்று அவருக்கே தெரியவில்லை.

சாப்பிடுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். வயிறு உப்பும். இடுப்புப் பட்டி இறுகும்போது அழுகை வரும். பருப்பு, தயிர், பன்னீர், கடலை, நெய் என்று மூன்று வேளையும் நடுவில் இரண்டு வேளையும் தட்டு வந்துகொண்டே இருந்தது. முதல் ஏகாதசியன்று பழக்கத்தில் நான் டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். மாமியார் பருப்பு சாதத்தைப் பிசைந்து கொண்டுவந்து வைத்தார். "உனக்கும் சேத்து நான் இருந்துக்கறேன். நீ சாப்டு." நீங்களும் சாப்பிடுங்கள் என்று நான் சண்டை போட்டேன். பல ஏகாதசிகள் போன பின்தான் அவர் ஒரு டம்ளர் மோர் குடிக்கச் சம்மதித்தார்.

பாதம் ஆறியது. கை சூடானது. வெல்லம் குறைவது நின்றது. மாசி போய், பங்குனி போய், ஆனி வந்தது. அது மட்டும் வரவில்லை. வீட்டை விட்டுச் சொல்லாமல் போனவளுக்காக விளக்கை எரியவிட்டுக் காத்திருப்பது போல் இருந்தது. போனவள் நான்தான். இனி வரவே மாட்டேனோ என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

வரலட்சுமி நோன்பு வந்தது. முந்திய மாலையே கலசத்தில் அம்மன் முகம் வைத்து, புடவை சுற்றி, அலங்காரம் முடித்திருந்தோம். காலையில் மடிசாரை எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தரையில் சிவப்பைப் பார்த்ததும் காலில் எங்கோ வெட்டிக்கொண்டேன் என்று நினைத்துத் தடவிப் பார்த்தேன். புரிந்தபோது அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பூஜையறைக்குத் தள்ளி நின்று, "அம்மா, வந்துடுத்து" என்றேன்.

மாமியார் மஞ்சள் சரடும் கையுமாக வெளியே வந்தார். "நிஜமாவா?"

"ஆமாம்மா. பூஜைதான்..."

"அடுத்த வெள்ளிக்கிழமை பண்ணிக்கலாம். எங்க போயிடப் போறா அவ?" சரடைக் கீழே வைத்தார். "வலிக்கறதா?"

"வலிக்கறது."

கிட்டே வந்தார். என் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து, உள்ளே யாரோ பேசுவதைக் கேட்பவர் போல் தலையைச் சாய்த்து நின்றார். "எனக்கு மறந்தே போயிடுத்துடி, எப்படி வலிக்கும்னு" என்றார். அந்த நாட்களில் என்னைத் தொட்டவர் தலைக்குக் குளிக்காமல் அடுப்பைத் தொடக் கூடாது. அதில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. அன்று அதே கையோடு நேரே சமையலறைக்குப் போய் எனக்குப் பால் காய்ச்சினார்.

இழந்த எலும்பு முழுதாகத் திரும்பாமல் போகலாம் என்கிறார் மருத்துவர். ஸ்டெல்லா மறுபடியும் வெறும் கம்பியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறாள். எனக்கு இப்போது ஒரு மாதம் முடிவதும் அடுத்தது தொடங்குவதும் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் மாமியாரிடம் போய்ச் சொல்கிறேன். "வந்துடுத்தா" என்று கேட்டுவிட்டு, தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார்.