மூன்று ஜிப்பா, ஒரு ஸ்நானம்

என்னைப் போன்ற அசட்டு மனிதன், மயிலாப்பூர் மாட வீதி நான்கையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் கிடைக்கமாட்டான். வாராவாரம் இதைப் படிக்கிற உங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. எனக்குத்தான் சென்ற வாரம் முழு ருசு கிடைத்தது.

எங்கள் வீதிச் சங்கத்துக் காரியதரிசி வந்தான். என் பிள்ளை ரகுவோடு படித்தவன்.

"மாமா, சுதந்திர தினத்துக்கு நீங்கதான் கொடி ஏத்தணும். ஜெயிலுக்குப் போனவன் ரகு. ஆனா திருச்சியில வாத்தியார் வேலையை விட்டுட்டு வர முடியாதுங்கறான். பெத்த அப்பா நீங்க இருக்கேளே."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எத்தனை மணிக்கு?" என்று வந்தது.

கொடியேற்ற மில் துணியில் போக முடியுமா? அவன் போனதும் மனைவியைக் கேட்டேன்.

"பாகீரதி, ஆத்துல கதர் ஜிப்பா ஏதாவது இருக்கோ?"

அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

காரணம் உண்டு. நாற்பத்திரண்டில் நான் சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க். ரகு காலேஜில். ஊரெல்லாம் ஆகஸ்ட் கலவரம். ஒருநாள் காலையில், போலீஸ் வீடு வீடாகச் சோதனை போடுகிறது என்று யாரோ சொன்னார்கள். வீட்டில் நான் மட்டும். முற்றத்தில் ரகுவின் மூன்று கதர் ஜிப்பாக்கள் உலர்ந்துகொண்டிருந்தன. பாகீரதி எட்டு மாதம் தக்ளியில் நூற்று, அந்த நூலைக் கதர்க் கடையில் கொடுத்து வாங்கிய துணி.

நான் என்ன செய்தேன்? மூன்றையும் சுருட்டி வெந்நீர் அடுப்பில் திணித்தேன்.

கதவைத் தட்டும் சத்தம். போலீஸ்தான்... திறந்தால், கீரைக்காரி.

"இன்னா சாமி, ஊடு பூரா பொகையா கீது? துணி கருகுற நாத்தம் வருதே."

"ஒண்ணுமில்லை, விறகு ஈரம்" என்றேன். இருந்த பயத்தில் நாலு கட்டு முளைக்கீரை வாங்கினேன்.

போலீஸ் கடைசி வரை வரவில்லை. தவலையில் தண்ணீர்தான் கொதித்துக்கொண்டிருந்தது. வீணாக்குவானேன்? திவ்வியமாக ஸ்நானம் செய்துவிட்டு, கோட்டும் தலைப்பாகையுமாக ஆபீஸுக்குப் போனேன்.

அடுத்த வாரம் காலேஜ் வாசலில் மறியல் செய்த ரகுவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று அவன் போட்டிருந்தது என்னுடைய பழைய மில் சட்டை. ஆபீஸில் விளக்கம் கேட்டார்கள். 'பையன் என் பேச்சைக் கேட்பதில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். முப்பது வருஷ சர்வீஸில் சர்க்காருக்கு நான் எழுதிய ஒரே கலப்பில்லாத உண்மை.

ஜிப்பாக்கள் எங்கே என்று பாகீரதி கேட்கவே இல்லை. அடுப்பில் சாம்பல் அள்ளியவள் அவள்தான். அப்புறம் தக்ளியைத் தொடவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன் — ஆறு வருஷமாக அந்தச் சந்தர்ப்பத்தை அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

கொடியேற்று நாளன்று, கடையில் வாங்கிய புது ஜிப்பாவோடு மேடை ஏறினேன். கஞ்சி கழுத்தை அறுத்தது. 'என் பிள்ளையைத் தேசத்துக்குக் கொடுத்தேன்' என்று ஒரு வாக்கியம் நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். நிமிர்ந்தால், பெண்கள் பக்கம் முதல் வரிசையில் பாகீரதி. இன்றைக்கும் பொய் சொன்னால், இனி ஜன்மத்துக்கும் அவள் முகத்தைப் பார்த்து நிஜம் பேச முடியாது என்று தோன்றியது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜிப்பா, அடுப்பு, கீரை, ஸ்நானம்... ஒன்று விடவில்லை.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "என்னமா கற்பனை பண்றார் மாமா" என்று காரியதரிசி இன்னொரு மாலையைப் போட்டான். வாராவாரம் உங்களைச் சிரிக்க வைத்ததற்கு எனக்குத் தண்டனை — நிஜத்தைச் சொன்னாலும் நம்ப ஆளில்லை. ஒருத்தியைத் தவிர. அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஜிப்பாவைக் கழற்றினேன். பேச்சைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்து நின்றேன். கடைசியில் நானே ஆரம்பித்தேன்.

"இதை எங்கே வைக்கறது?"

"எங்கே வேணும்னாலும் வையுங்கோ, வெந்நீர் அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம்."